கண்ணாடி மூடி போட்ட வெயில் பெட்டி

நிலத்தில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், ஐயா. ஐயாவின் மனைவியான அக்கா இன்னும் வரவில்லை.

குண்டு போடுகிற பொம்மர் ஒருமுறை வானத்தில் சுற்றிவிட்டுப் போயிருந்தது. அது திரும்பி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஐயா இருட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

"எடியேய், உயிரோட இருந்தால் பிறகும் மிளகாய் காய விடலாம். இறங்கி வாவன்!"

"வாறன், வாறன். ஆடு நிக்குது" என்று மேலேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

நான் வாசலால் தலையை நீட்டிப் பார்த்தேன். உச்சி வெயிலில், வீட்டு வளவின் நடுவில், அக்கா முழங்காலில் நின்று பாயில் கிடந்த மோர்மிளகாயைச் சுளகில் அள்ளிக்கொண்டிருந்தா. ஒரு கை அள்ளியது, மற்றக் கை ஆட்டை விரட்டியது. என் கையில் செபமாலை இருந்தது. ஆனால் விரல் அடுத்த மணிக்கு நகரவில்லை. "மாதாவே, அவவைக் கொண்டுவந்து சேர்" என்பதைத் தவிர வேறு செபம் வரவில்லை.

சத்தம் தலைக்கு மேல் வந்தபோதுதான் அக்கா சுளகோடு சறுக்கிக்கொண்டு உள்ளே விழுந்தா. குளத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தது. கூரைக் குற்றிகளுக்கிடையிலிருந்து மண் கொட்டியது. அக்கா சுளகைக் குனிந்து பார்த்து, "சாய், மண் பட்டிட்டுது" என்றா.

அன்று முழுவதும் ஐயா அவவோடு கதைக்கவில்லை.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. நாங்கள் முல்லைத்தீவுக் கரைச் சனம், கடலை நம்பி இருந்தவர்கள், வேதக்காரர். சண்டைக்குப் பயந்து கரையை விட்டு எல்லாரும் எழும்பி ஓடிய காலத்தில் நானும் இவரும் ஒரு சைக்கிளும் ஒரு வலை மூட்டையுமாக உருத்திரபுரம் வந்து சேர்ந்தோம். இருக்க இடம் கேட்டு ஏறிய முதல் வாசற்படலை அக்காவுடையது. அவர்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்து, காடு வெட்டி, வயல் செய்து வாழ்ந்த சைவக் குடும்பம். மச்சம் வாயில் வைக்காதவர்கள். அப்படியிருந்தும் அக்கா, "மாட்டுக் கொட்டில் சும்மாதானே கிடக்குது தங்கச்சி, மெழுகிப்போட்டு இருங்கோ" என்றா. ஆண்டவர் எங்களுக்குக் காட்டிய வீடு அது என்றே இன்றும் நம்புகிறேன்.

ஐயா ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தார். மீன் சட்டி வேலிக்கு உள்ளே வரக்கூடாது. குளத்து மீன் அகப்பட்டால் நான் வேலிக்கு வெளியே, பூவரசுக்குக் கீழ், மூன்று கல் வைத்துச் சமைத்து, சட்டியைக் கழுவி அந்த மரத்திலேயே தொங்கவிட்டு வருவேன். வெள்ளிக்கிழமையில் அதுவும் இல்லை. "வெள்ளிக்கிழமையில நாங்கள் இறைச்சிதான் தின்னக்கூடாது ஐயா, மீன் தின்னலாம்" என்று இவர் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "அது உம்மட வெள்ளிக்கிழமை. இது என்ர வளவின்ர வெள்ளிக்கிழமை" என்றார் ஐயா.

ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் சரியில்லாமற் போயிருந்தது. பொல்லை ஊன்றிச் சுவரைப் பிடித்து நடப்பார். வயலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அக்காவின் மோர்மிளகாயும் வேப்பம்பூ வடகமும்தான் அந்த வீட்டின் அடுப்பை எரித்தன. மிளகாயைக் கீறி, உப்பு மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் போட்டு, பின்னேரம் திரும்ப மோருக்குள் போட்டு, மோர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கும்வரை விடாமல் செய்யவேண்டும். நடுவில் ஒரு நாள் பிழைபட்டால் புளித்து நாறிப்போகும்.

பொம்மர் வந்தால் அந்த நாள் பிழைபடும். சனம் பங்கருக்குள் போகும், பாய் தனியே கிடக்கும். இது முதலில் காகத்துக்கு விளங்கியது. பிறகு ஆட்டுக்கும் விளங்கிவிட்டது. பொம்மர் சத்தம் கேட்டவுடன் பக்கத்து வளவு ஆடுகள் வேலிப் பொட்டு வழியாக நுழைய வந்து நிற்கும். அதனால்தான் அக்கா ஓடுவதில்லை. ஐயாவைக் கைத்தாங்கலாகப் பங்கர் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாய்க்குப் போவா. ஒவ்வொருமுறையும் கொஞ்சம் கூடப் பிந்தினா.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டுக் காணி கிடைத்திருந்தது. மழைக்கு முன்னம் அங்கே கொட்டில் போட்டுப் போகவேண்டும். போவதற்கு முன்னம் அக்காவுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று நானும் இவரும் பேசிக்கொண்டோம்.

"சீலை ஒண்டு எடுத்துக் குடுப்பமோ?" என்றேன்.

"சீலை குடுத்தால் அதையும் மிளகாய்க்கு மேல விரிப்பா" என்றார் இவர். "அவவுக்கு விட்டிட்டு ஓடக்கூடிய சாமான் ஒண்டு வேணும். மூடிப்போட்டு ஓடுற சாமான்."

அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எனக்கு வெயில் பெட்டி ஞாபகம் வந்தது. மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் ஒரு பிள்ளை அதைக் கொண்டுவந்து காட்டியிருந்தா. சரிவான மூடி போட்ட பலகைப் பெட்டி. உள்ளே கரி பூசிய தகரம், அதற்கு மேல் கம்பிவலைத் தட்டு, காற்றுப் போய்வர அடியிலும் பின்னாலும் துளைகள். வெயில் உள்ளே போய் அங்கேயே தங்கிக் காய வைக்கும். வெளிநாட்டில் கரண்டில் வேலை செய்கிற பெட்டிகள் இருக்கிறதாம். எங்களுக்குக் கரண்ட் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. பற்றரிக்கும் சவுக்காரத்துக்கும் தடை இருந்த காலம். வெயிலுக்குத் தடை போட மட்டும் ஒருவராலும் முடியவில்லை.

எங்கள் கரையில் வள்ளம் கட்டிய ஓடாவியார் ஒருவரும் இடம்பெயர்ந்து வந்து சந்திக்குக் கிட்டக் கொட்டில் போட்டிருந்தார். வள்ளம் கட்டிய கையால் இப்போது கதவு நிலையும் சவப்பெட்டியும் செய்துகொண்டிருந்தார். அவரிடம் மூன்று வெயில் பெட்டிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு பின்னேரம் போனோம்.

முதலாவது பெட்டிக்குப் பொலித்தீன் மூடி. அவசரத்துக்கு அடித்த பெட்டி போலத் தெரிந்தது. மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். கடல் மணத்தது. பாரையும் சூடையும் கருவாடும் எல்லாம் சேர்ந்த மணம். தலையை எடுக்க மனமில்லாமல் இன்னொருமுறை மணந்தேன்.

"இது மீன் பெட்டிப் பலகை எல்லோ?" என்றேன்.

"வேற பலகைக்கு நான் எங்க போறது பிள்ளை? நல்லாக் கழுவித்தான் அடிச்சனான்."

"எங்களுக்கெண்டால் கழுவவே தேவையில்லை. இது சைவ வீட்டுக்கு. விரதச் சோத்துக்குப் பொரிக்கிற மிளகாய் இதுக்குள்ள காயவேணும்."

எனக்கு வீட்டு மணமாக இருப்பது அவர்களுக்குத் தீட்டு. ஐயா மூக்கை வைத்தாரென்றால் பெட்டியோடு சேர்த்து எங்களையும் பூவரசுக்குக் கீழ் தொங்கவிடுவார். அதை மூடினேன்.

இரண்டாவது புதுப் பலகை. ஆனால் மேலே வெறும் கம்பிவலை. "இதுக்கும் பொலித்தீன் போட்டுத் தாங்கோவன்" என்றார் இவர்.

ஓடாவியார் சிரித்தார். "பொலித்தீன் அகப்பட்டால் சனம் தன்ர தலைக்கு மேல போடும் தம்பி. மிளகாயின்ர தலைக்கு மேலயோ போடும்? அந்த ஒரு துண்டும் மூண்டு இடத்தில ஒட்டினது."

மூன்றாவதைச் சாக்கை விலக்கிக் காட்டினார். வேப்பம் பலகை, நன்றாகச் சீவினது. மூடிக்கு முழுக் கண்ணாடி. மூடிவிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையின் அலுமாரிக் கதவாம்.

"சைவக்கடையோ?" என்று கேட்டேன்.

"அந்தோனியார் ஆணை, சைவக்கடை. வடையும் போண்டாவும்தான் அதுக்குள்ள இருந்தது."

பின்னேர வெயில் சரிந்து விழுந்த இடத்துக்குப் பெட்டியை நகர்த்தினோம். வேலியோர முருங்கையில் ஒரு இணுக்கை முறித்து உள்ளே போட்டு மூடினேன். இவரும் ஓடாவியாரும் எங்கள் ஊர்க் கதை கதைத்துக்கொண்டிருந்தார்கள். யார் யார் எங்கே இருக்கிறார்கள், யார் இல்லை என்ற கதை. அது முடிவதற்குள் கண்ணாடியின் உட்பக்கம் வேர்த்து, பிறகு வேர்வையும் காய்ந்து, இலையைத் தொட்டபோது கையில் நொறுங்கியது. பின்னேர வெயிலிலேயே இப்படியென்றால் உச்சி வெயிலில் எப்படி இருக்கும்! இவர் கொக்கியைப் போட்டு, ஆடு முட்டுவதுபோல முழங்காலால் முட்டிப் பார்த்தார். மூடி அசையவில்லை.

"இதுதான்" என்றேன்.

மணத்தைப் பார்த்தோம், சூட்டைப் பார்த்தோம், கொக்கியைப் பார்த்தோம். ஆட்டையும் காகத்தையும் ஐயாவின் மூக்கையும் நினைத்தோம். வானத்தை ஒருவரும் நினைக்கவில்லை.

பெட்டிக்குப் பதிலாக இவர் ஓடாவியாரின் வளவுக்கு வேலி அடைத்துக் கொடுத்தார். கல்லுப் படாமல் சாக்கைச் சுற்றி, சைக்கிளில் கட்டி, தள்ளிக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தோம்.

ஐயா கதிரையில் உட்கார்ந்தபடியே பெட்டியைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். நான் நினைத்ததுபோலவே மூக்கை உள்ளே விட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

"மீன் மணம் இல்லை" என்றார். திரும்பவும் மணந்தார். "வடை மணக்குது."

அக்கா வெடித்துச் சிரித்தா. பிறகு அழுதா. பெட்டிக்கு மஞ்சள் தண்ணி தெளித்து, விபூதி பூசி, பொட்டு வைத்தா. நானும் ஒருவரும் பார்க்காமல் பெருவிரலால் பலகையில் ஒரு சிலுவை போட்டுவிட்டேன்.

அடுத்த முறை பொம்மர் வந்தபோது அக்கா கொக்கியைப் போட்டுவிட்டு ஐயாவையும் பிடித்துக்கொண்டு எங்களோடு ஓடிவந்தா. கையில் சுளகு இல்லை. வெளியே ஆடு பெட்டியை முட்டுகிற சத்தம் கேட்டது. "முட்டு ராசா, முட்டு" என்று அக்கா சிரித்தா. பங்கருக்குள் அவ சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஆறுதல் நீடிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் இவர் கூலிக்குப் போன வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்தார். வந்ததும் வராததுமாகச் சாக்கை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டார்.

"என்னப்பா?" என்றேன்.

"குளக்கட்டில நிண்டு பார்த்தனான். எங்கட வளவுக்க ஒரு சூரியன் கிடக்கு. கண் கூசுது."

நான் நம்பாமல் நானே போய்ப் பார்த்தேன். மரங்களெல்லாம் பச்சையாக, கூரைகளெல்லாம் கிடுகோலையாக இருந்தன. அந்த நாட்களில் சனம் சைக்கிள் மட்காட்டுக்குக்கூடச் சேறு பூசித் திரிந்தது. ஒரு தகரத்தை வெளியே மினுங்க விடாது. அந்தப் பச்சைக்கு நடுவில், அக்காவின் வளவில் மட்டும், வெள்ளையாக ஒரு வெளிச்சம் வெட்டியது. நிலத்திலிருந்து எனக்கே இப்படித் தெரிந்தால், மேலே பறக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு நிழல் தந்த வளவுக்கு என் கையாலேயே அடையாளம் வைத்துக் கொடுத்துவிட்டேனோ?

பின்னேரம் பக்கத்து வளவு மனிசி படலையில் நின்றா. ஆட்டுக்காரி. "என்ன அக்கா, உங்கட வீட்டுக்கு லைற் வந்திட்டுதோ? மேல போறவனுக்குக் கைகாட்டிக் கூப்பிடுறியளோ?"

"மிளகாய் காயுது" என்றா அக்கா.

"மிளகாய் காயட்டும். நாங்கள் கருகாமல் இருந்தால் சரி. கரையால வந்த ஆக்கள் தந்த சாமானாம் எண்டு கேள்வி."

நான் குசினிக்குப் பின்னால் நின்று கேட்டேன். கழுவ எடுத்த சோற்றுப் பானையைக் கழுவாமல் கீழே வைத்தேன்.

அன்று ஐயா, "கண்ணாடியைக் கழட்டு" என்றார்.

"கழட்டினால் அது பெட்டியே? காகம் வந்து குந்தும். பழையபடி பாய்தான்" என்றா அக்கா. "பாய் எண்டால் நான் ஆட்டுக்கு விட்டிட்டு வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

"கண்ணாடி இருந்தால் எல்லாரும் சாவம்."

"மிளகாய் இல்லாட்டி நாங்கள் ரெண்டு பேரும் சாவம். எது கெதியா எண்டதுதான் கதை."

கடைசியில், காற்றில் கிளம்பாமல் இருக்கச் சாக்கு ஒன்றை மிச்சக் கஞ்சித் தண்ணியில் நனைத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதென்று முடிவாயிற்று. சத்தம் கேட்டால் மூடிவிட்டு ஓடுவது. நல்ல யோசனைபோலத்தான் இருந்தது. ஆனால் பொம்மர் வந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. சாக்கு ஒரு பக்கம் இழுபட்டால் மறு பக்கம் மினுங்கும். அக்கா அதைச் சுற்றிச் சுற்றி இழுத்து, கல் வைத்து, திரும்பவும் இழுத்தா. முன்பு மிளகாய்க்காகப் பிந்தினவ இப்போது சாக்குக்காகப் பிந்தினா. நான் ஓடிப்போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் வெளியில் நின்றோம்.

"நல்ல சாமான் வாங்கிக் குடுத்தீர்" என்றார் இவர் பிறகு.

அந்த வெள்ளிக்கிழமை தவக்காலத்து வெள்ளி. எனக்குச் சிலுவைப்பாதை, அக்காவுக்குக் கோயில். இவர் விடியவே வயலுக்குப் போய்விட்டார். வானத்தில் ஒரு முகில் இல்லை. மிளகாய் கடைசி வெயிலுக்கு நின்றது. அக்கா, "சாக்குப் போடாமலே கிடக்கட்டும் தங்கச்சி, நான் விளக்கு வைச்சிட்டுக் கெதியா வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனா. ஐயா விறாந்தையில் கதிரையில் இருந்தார். நானும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

எங்கள் கோயில் கிடுகுக் கொட்டில்தான். சிலுவைப்பாதை நடுவழிக்கு வந்திருந்தது. ஆண்டவர் பாரம் தாங்காமல் திரும்பவும் விழுகிற நிலை. எல்லாரும் முழந்தாளிட்டிருந்தோம். அப்போது சத்தம் கேட்டது.

சுவாமியார், "பிள்ளையள், பங்கருக்குப் போங்கோ" என்றார். சனம் பின்பக்கம் ஓடியது. நான் முன்பக்கத்தால் ஓடினேன். யாரோ முக்காட்டைப் பிடித்து இழுத்தார்கள். அது அவர்கள் கையோடு போனது.

வாய்க்கால் கட்டால் ஓடினேன். அக்கா கோயிலிலிருந்து ஓடிவருவா, நேரே பெட்டிக்குத்தான் போவா. இது எனக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. ஐயாவோ கதிரையில். ஓடுகிற ஒவ்வொரு அடிக்கும் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கியதே தவிர ஒன்றையும் முடிக்கவில்லை. வாய்க்கால் வளைகிற இடத்தில் மரங்கள் விலகும். அங்கே வெளிச்சம் வெட்டியது. பெட்டி சாக்கில்லாமல்தான் கிடக்கிறது. பொம்மர் உயரத்தில் வட்டம் போட்டது. மருத மரங்களுக்குக் கீழ் புகுந்து மறுபக்கம் வந்தேன். மரங்களுக்கிடையால் வளவு திரும்பத் தெரிந்தது.

வெளிச்சம் இல்லை.

அக்கா வந்துவிட்டா என்று நினைத்தேன். வந்து, வெளியில், பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறா. "அக்கா, விட்டிட்டு ஓடுங்கோ!" என்று கத்திக்கொண்டு படலையைத் தள்ளினேன்.

"நில்!"

ஐயாவின் குரல். பெட்டி இருந்த பக்கத்திலிருந்து வந்தது. கிணற்றடி வாழை மறைத்ததால் ஆள் தெரியவில்லை.

"கிட்ட வராதை பிள்ளை! அங்கையே நில்!"

நின்றேன். பாம்போ? வெடிக்காத ஏதோ விழுந்து கிடக்கிறதோ? அவருக்குத்தான் ஏதோ நடந்துவிட்டதோ? பொம்மர் கீழே பதிந்து வருகிற அந்தச் சத்தம் தொடங்கியது. சத்தம் கூடக் கூட வானம் கிழிவதுபோல இருந்தது.

"ஐயா, வாறன்!"

"வராதை எண்டால் வராதை! படு! அதிலையே படு!"

வேலியோரம் குப்புற விழுந்தேன். மண் வாயில் போனது. நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. திரும்பவும் தூக்கிப் போட்டது. எத்தனை தடவை என்று தெரியாது. பிறகு சத்தம் தூரப் போனது. நாய்கள் குரைக்கத் தொடங்கின. தலையைத் தூக்கினேன். புகை வயல்வெளிக்கு அந்தப் பக்கம், காட்டோரத்தில் எழும்பியது. இவர் போன வயல் அந்தத் திசை இல்லை. வளவு அப்படியே இருந்தது.

"ஐயா?"

"இருக்கிறன்."

"வரட்டோ?"

"வராதை எண்டு சொல்லுறன் எல்லோ!"

"என்ன ஐயா, அடிகிடி பட்டிட்டுதோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு, முன்பிருந்த அதட்டல் இல்லாமல், அவர் சொன்னார்.

"கொடியில ஒரு வேட்டி கிடக்கு. அதை எடுத்து, அங்கால பார்த்துக்கொண்டு, இஞ்சால எறி."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து, முகத்தை வேலிப் பக்கம் திருப்பி, தோளுக்கு மேலால் வாழைப்பக்கம் எறிந்தேன். அவர் ஒரு கையால் உடுத்து முடிக்குமட்டும் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ம்" என்றார். திரும்பினேன்.

ஐயா பெட்டியில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். பொல்லு விறாந்தைப் படியில் கிடந்தது. படியிலிருந்து பெட்டிவரைக்கும் மணலில் இழுபட்ட அடையாளம். கண்ணாடியின் மேல் அவருடைய வேட்டி, நாலு மூலையும் சரியாக விரிந்து, ஒரு மினுக்கமும் இல்லாமல் கிடந்தது. சாக்கு குசினித் தாழ்வாரத்தில் ஆட்டின் வாயில் இருந்தது. அதில் ஊறிய கஞ்சித் தண்ணிக்காக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"பங்கர் கிட்டத்தானே இருந்தது, ஐயா" என்றேன். "பெட்டிக்கு ஏன் வந்தனீங்கள்?"

அவர் முழங்கையில் பட்ட மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "இது மினுங்கினால் அவள் பங்கருக்கு வரமாட்டாள். நீயும் வரமாட்டாய். ரெண்டும் இதைத்தான் தேடி ஓடிவருங்கள்." என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் நினைச்சதுபோலத்தானே, நீ வந்து நிக்கிறாய்" என்றார்.

அப்போது அக்கா வந்து சேர்ந்தா. தலை அவிழ்ந்து, கையில் அர்ச்சனைத் தட்டு வெறுமையாக. நிலத்தில் இருந்த ஐயாவைப் பார்த்தா, பெட்டியின் மேல் கிடந்த வேட்டியைப் பார்த்தா, அவர் அரைகுறையாக உடுத்திருந்த வேட்டியைப் பார்த்தா.

"ஊர் முழுக்கப் பொம்மருக்குப் பயந்து ஓடுது. உங்களுக்கு உடுப்பைக் கழட்டத்தான் மனம் வந்ததோ?"

"மேல போனவன் பயந்துதான் அங்கால போய்ப் போட்டவன்" என்றார் ஐயா.

அக்கா அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்துவிட்டா. சிரிப்போ அழுகையோ, தோள் குலுங்கியது. நான் போய்க் கிணற்றில் தண்ணி அள்ளினேன். இவர் வயலிலிருந்து முழு ஆளாகப் படலையால் வந்தபோதுதான் என் முடிக்காத செபத்தை முடித்தேன்.

அடுத்த நாள் காலை ஐயா இவரைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். அக்கா வாயைத் திறந்தா. "பொறு" என்றார். "முழுக்கக் கேள். இந்த வேட்டியை இழுத்து அடியும் தம்பி. காத்துப் போகும், வெயிலும் போகும், காகம் போகாது."

எங்கள் வாய்க்கால் தண்ணியில் தோய்த்துத் தோய்த்து அந்த வேட்டி எப்போதோ மண் நிறமாகியிருந்தது. வெள்ளை வேட்டி என்று யாரும் சொல்லமுடியாது. இவர் சட்டத்தில் இழுத்து அடித்தார். கொக்கியும் பழையபடி விழுந்தது. பிறகு குளக்கட்டுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "வளவு எது எண்டே பிடிபடேல்லை" என்றார். கண்ணாடிக்குக் காய்ந்ததைவிட இன்னும் ஒரு நாள் வெயில் கூடுதலாகத் தேவைப்பட்டது. அக்கா அதையும் விட்டுக் காய வைத்தா.

கண்ணாடியை ஓடாவியாரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்றேன். "தந்த சாமானை ஆரும் திருப்பிக் குடுப்பினமோ?" என்று சொல்லி, அக்கா அதைச் சாக்கில் சுற்றித் தன் கட்டிலுக்குக் கீழ் வைத்தா.

திரும்பவும் பொம்மர் வந்தது. வராமல் இருக்கவில்லை. மோர்மிளகாய் பெட்டிக்குள் கிடந்தது. நான் குசினியிலிருந்து ஓடி, பங்கர் வாசலுக்கு வந்து, வழக்கம்போல அக்காவைக் கூப்பிடத் திரும்பினேன்.

"ஆரைத் தேடுறாய்? இறங்கு கெதியா" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

இறங்கினேன். இவர் வந்தார். நாலு பேரும் இருந்தோம். மேலே சத்தம் சுற்றியது. நான் செபமாலையை எடுத்தேன். அக்கா வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்தா. வெளியே ஆடு பெட்டியை முட்டத் தொடங்கியது. ஒருமுறை, திரும்பவும் ஒருமுறை.

ஐயா இருட்டுக்குள் தலையைத் தூக்கினார். "கொக்கி போட்டனியே?"

"போட்டனான்" என்றா அக்கா. எழும்பவில்லை. "உங்கட வேட்டியைத் திண்டால் தின்னட்டும்."

என் விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது.